அதட்டினால்தான் அணை எழுமா?

"சைட்டில் சொல்லிக்கொடுத்தால் எடுபடாது, அதட்டினால்தான் வேலை நடக்கும். பேச்சிப்பாறை அணையே அப்படித்தான் எழுந்தது" என்கிறார்கள் கான்ட்ராக்டர்கள். நான் ஏற்கவில்லை; காரணங்கள் இவை.

ஒன்று: கோதையாற்றின் குறுக்கே 1897 முதல் 1906 வரை அந்த அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின், அணை அருகிலேயே அடக்கமானார். வேலையிடத்தோடு அவருக்கிருந்த ஒட்டுதலுக்கு அது சாட்சி. அதட்டலுக்கு எது சாட்சி?

இரண்டு: கலவை இறுகுகிறது. திட்டுக்குப் பயந்த ஆள் என்ன செய்வார்? யாரும் பார்க்காதபோது ஒரு வாளி தண்ணீர் ஊற்றி இளக்குவார். வேலை ஓடும்; கான்கிரீட்டின் பலம் குறையும். பூச்சு முடிந்தபின் அது கண்ணுக்குத் தெரியுமா?

மூன்று: கையாள் கொத்தனாராவது எப்படி? தூக்குக்குண்டைக் கொடுத்து, "நூலு எங்க விலகுதுன்னு நீயே பாருடே" என்று மேஸ்திரி ஒதுங்கி நிற்பதால்தானே?

நான்கு: சாரம் சரிந்தால் கத்தத்தான் வேண்டும். நாள் முழுக்கக் கத்தினால் அந்த எச்சரிக்கை யார் காதில் விழும்?