தானா படிச்சிடுமா?

"பேச யாராவது கிளாஸ் எடுத்தாங்களா? தானாத்தானே பேசிச்சு? படிக்கவும் தானா வந்துடும்."

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரில் ஒரு சாராரிடம் வாசிப்புக்குத் தனியாகப் பயிற்சி உண்டா என்று கேட்டால் வருகிற பதில் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படையிலேயே தப்பு.

பேச்சு இல்லாத மனிதக் கூட்டம் உலகத்தில் எங்கேயும் கிடையாது. எழுத்து வந்து சுமார் 5000 வருஷம்தான் ஆகிறது. ஊர்க்கதை, தாலாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் வாயிலேயே வைத்திருந்த பாட்டி, பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் பக்கத்து ஆளைக் கேட்டாளே... அவளுக்கு ஆர்வம் குறைவா, அறிவு குறைவா? வாழ்நாள் முழுக்கச் சுற்றிலும் எழுத்து இருந்தும் தானாக வரவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்!

இந்த வாதத்தின் மூலவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான் ஹோல்ட். 1977-ல் இதற்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தவர். பிள்ளையை மிரட்டிப் படிக்க வைக்காதே என்று அவர் சொன்னதில் தப்பே இல்லை. மிரட்டாதே என்பதைச் சொல்லிக் கொடுக்காதே என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. நாலு வயதில் தானாகப் படித்த குழந்தைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு லாட்டரி விழுந்தது என்று வேலையை விடலாமா?

ஆங்கிலத்தில் இது இன்னும் மோசம். 26 எழுத்து, ஏறக்குறைய 44 ஒலி. 'ஜி', 'ஹெச்' இரண்டும் சேர்ந்து 'காஃப்' என்ற சொல்லில் ஒரு சத்தம், 'கோஸ்ட்' என்பதில் வேறு சத்தம், 'ஹை' என்பதில் ஊமை. படத்தைப் பார்த்து ஊகித்தே பிள்ளை இதைப் பிடித்துவிடும் என்று நம்பி அமெரிக்கப் பள்ளிகள் பல வருஷங்களை வீணாக்கின. எழுத்து-ஒலி உறவை வரிசையாகக் கற்பிப்பதே பலன் தருகிறது என்று அந்த நாட்டின் தேசிய வாசிப்புக் குழு 2000-லேயே அறிக்கை கொடுத்தது.

தமிழ் இதைவிட நேர்மையான மொழி. அதற்காக 247 எழுத்தும் சுவரில் தொங்கினால் போதுமா? 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசை பின்னால் வருகிறது. கு, டு, து, பு எல்லாவற்றிலும் இருப்பது ஒரே உகரம்தான், ஆனால் வடிவம் ஆளுக்கொன்று. இதை யாராவது உட்கார்ந்து காட்டித்தான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் ஆயிரக்கணக்கில் கொட்டி ஃபோனிக்ஸ் பெட்டி வாங்கணுமா? வேண்டவே வேண்டாம். பெட்டி விற்பவர்கள் பயத்தை விற்கிறார்கள், அது தனிக்கதை. தேவை ஒரு வரிசை, தினம் பதினைந்து நிமிஷம், அப்புறம் ஒரு சோதனை. 'முறையான பயிற்சி' என்றால் இவ்வளவுதான்.

இந்த மூன்றில் வீட்டில் பெரும்பாலும் விட்டுப் போவது சோதனை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் ஒன்று தடுமாறினால் பெரும்பாலும் யார் கண்ணிலாவது படும். வீட்டில் ஒப்பிட யாரும் இல்லை. நூறு தடவை கேட்ட கதைப் புத்தகத்தைப் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும், அம்மா பூரித்துப் போவாள். ட்ரயல் பேலன்ஸே போடாமல் லாபம் என்று எழுதுகிற கணக்கு இது! டிஸ்லெக்சியா இருக்கும் பிள்ளைக்கு இதில்தான் பெரிய ஆபத்து. "அதன் நேரம் வரும்போது வரும்" என்று காத்திருந்தே பத்து வயதாகிவிடும். அதற்குள் அந்தப் பிள்ளை தன்னை மக்கு என்று முடிவு கட்டியிருக்கும்.

இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனை வைக்கிறார்கள். மொத்தம் 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாத பொய்ச் சொற்கள். பொய்ச் சொல்லை மனப்பாடமாகச் சொல்ல முடியாது, ஊகிக்கவும் முடியாது, எழுத்தைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இதற்குக் காசும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். எழுத்தெல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்புகிற பிள்ளையிடம் இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு தாளில் 'சிமடு', 'கெழுவா', 'தொபூனி' என்று எழுதி நீட்டலாம். பிள்ளை தாளைப் பார்க்காமல் அம்மா முகத்தைப் பார்த்தால், நாளைக் காலையிலிருந்தே பதினைந்து நிமிஷத்தை ஆரம்பித்துவிடலாம். சில மாதம் விடாமல் செய்தும் நகரவில்லை என்றால் அதற்கென்று இருக்கிற நிபுணரிடம் காட்ட வேண்டும், பத்து வயது வரை காத்திருக்காமல்.