கூரை நம்முடையதானால்தான் வெயிலும் நமக்கு

தோட்டத்துக்குத் தோட்டம் போகிறபோது இப்போது ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "பட்டணத்துல கூரை மேல பலகை போட்டு அவங்கவங்களே கரண்டு எடுக்கிறாங்களாமே, நம்ம லயத்துக்குப் போட முடியாதா? காத்தாடி வச்சாலும் கரண்டு வருமாமே?" நல்ல கேள்விதான். தவணைக்கு விற்கிறவன் வாசலுக்கு வருவதற்கு முன்னால் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சொந்த மின்சாரம் தோட்டத்துக்குப் புதுசு அல்ல. செம்பனை ஆலை நாரையும் ஓட்டையும் எரித்து, நீராவியால் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக் கொள்கிறது. ரப்பர் காலத்தில் பல தோட்டங்களில் சாயங்காலம் இஞ்சின் ஓடினால் லயத்தில் விளக்கு எரியும். ராத்திரி இஞ்சின் நின்றால் இருட்டு. பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கடியில் படித்தார்கள். மின்சாரம் இருந்தது, சுவிட்சுதான் நம் கையில் இல்லை. 1990-ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டுவசதி குறைந்தபட்சத் தரச் சட்டம், தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி போதிய மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்றது. அது சலுகை அல்ல, உரிமை.

இனி காற்றாடிக்கு வருவோம். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் ஆரல்வாய்மொழிப் பக்கம் வரிசை வரிசையாகக் காற்றாடி நிற்பதைப் பார்த்திருப்பார்கள். அது மலைக் கணவாய்க் காற்று. நம் தீபகற்பத்தின் உட்பகுதியில் காற்று சராசரியாக விநாடிக்கு இரண்டு மீட்டர் அளவில்தான் வீசுகிறது. சின்னக் காற்றாடி மின்சாரம் தரத் தொடங்கவே சுமார் மூன்று மீட்டர் வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். கடல் காற்றுள்ள பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் சூரியப் பலகையோடு காற்றாடியும் நிறுவினார்கள். செம்பனைக்கு நடுவே இருக்கிற லயத்துக்கு அது ஒத்து வராது. காற்றாடிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வெயில் அப்படி அல்ல. மத்தியானம் மேகம் கூடி மழை பெய்தாலும், ஒரு கிலோவாட் பலகை சராசரியாக நாளொன்றுக்கு மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் தரும். நூறு வாட் பலகை ஒன்று போட்டால் சுமார் 300 வாட்-மணி கிடைக்கும். ஒன்பது வாட் விளக்கு நாலு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 180. இருபது வாட் சின்னக் காற்றாடி விசிறி ஐந்து மணி நேரம் ஓடினால் 100. கைப்பேசிக்கும் கொஞ்சம் மிஞ்சும். ஆனால் 600 வாட் சோற்றுச் சட்டியை அரை மணி நேரம் வைத்தால் அத்தனையும் காலி! இதைச் சொல்லாமல் "வீடு பூரா ஓடும்" என்கிறவனை நம்பாதீர்கள்.

பேட்டரி விஷயமும் தெரிய வேண்டும். பன்னிரண்டு வோல்ட், நூறு ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப் போகும். படுக்கிற அறையில் அதை வைக்கக் கூடாது. பியூஸ் இல்லாமல் கம்பி இழுக்கக் கூடாது. பழைய லயத்தின் அஸ்பெஸ்டாஸ் தகட்டில் ஏறி ஓட்டை போடவே கூடாது. கால் வைத்தால் உடையும், அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பட்டணத்துக்காரர்கள் போடுவது வேறு மாதிரி. பகலில் எடுக்கும் மின்சாரத்தில் மிஞ்சியது தெனாகா கம்பிக்குப் போகும், பில்லில் கழியும். 2016-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்து, 2026 ஜனவரியில் 'சோலார் அத்தாப்' என்ற புதிய திட்டம் வந்திருக்கிறது. பெயரே அத்தாப்பு! அந்த அத்தாப்பு யாருடையது என்பதில்தான் நம் பிரச்சினை இருக்கிறது.

2025 ஜூன் வரை இருந்த வீட்டுக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் 21.8 காசு. 900 யூனிட்டுக்கு மேல் எரித்தவருக்கு 57.1 காசு. மாதம் 200 யூனிட் தரும் பலகைக்குப் பத்தாயிரம் வெள்ளி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். பங்களாக்காரருக்கு மாதம் 114 வெள்ளி மிச்சம். ஏழெட்டு வருடத்தில் போட்ட பணம் திரும்பும். நமக்கு மிச்சம் 43 வெள்ளி 60 காசு. பணம் திரும்ப 19 வருடம்! 2025 ஜூலையில் கட்டண முறை மாறினாலும், குறைவாக எரிப்பவருக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. அதனால் நமக்கு மிச்சமாவது இன்றைக்கும் கொஞ்சம்தான். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பத்தாயிரம் என்றால் ஆறு மாத உழைப்பு.

அப்படியே பணம் இருந்தாலும், மீட்டர் கணக்குத் தன் பெயரில் இருக்கிறவருக்குத்தான் அந்தத் திட்டம். லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டை விட வேண்டும். பலகையைத் தலையில் தூக்கிக் கொண்டா போவது? முப்பது வருஷம் மரம் சீவினவனுக்குக் கூரை சொந்தமில்லை என்றால், கூரை மேல் விழுகிற வெயில் மட்டும் எப்படிச் சொந்தமாகும்?

அதனால் நாம் சொல்வது இதுதான். லயத்தில் இருப்பவர்கள் சொந்தக் காசில் பெரிய பலகை போட வேண்டாம். மின்சாரம் சரியாக வராத தோட்டமாக இருந்தால், கழற்றிக் கொண்டு போகிற மாதிரி நூறு வாட் பலகை ஒன்று போதும். அதற்கும் முன்னால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். சட்டம் நம் பக்கம் இருக்கிறபோது நாம் ஏன் பேட்டரி வாங்க வேண்டும்?

லயத்துக் கூரையில் பலகை போடுவது கம்பெனியின் வேலை. பெரிய தோட்டக் கம்பெனிகள் இன்று தங்கள் நிலத்தையே சூரிய மின் நிலையத்துக்கு விட முன்வருகின்றன. நிலத்தில் பலகை போட்டு லாபம் பார்க்க முடியும் என்றால், நம் பிள்ளைகள் படிக்கிற வீட்டின் கூரைக்குப் பத்துப் பலகை போட முடியாதா? இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டும். தோட்ட நிலம் சூரியப் பலகைக்குப் போகிறபோது, அங்குள்ள குடும்பங்களுக்கு வீடு எங்கே என்பதையும் அதே மேசையில் கேட்க வேண்டும்.

வீட்டுத் திட்டத்தில் சொந்த வீடு வாங்கியவர்கள் தாராளமாக யோசிக்கலாம். முதலில் பன்னிரண்டு மாத பில்லை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். பதிவு பெற்ற ஆளை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். இன்னொன்று: பேட்டரி இல்லாமல் தெனாகா கம்பியோடு சேர்த்த பலகை, கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற தொழிலாளியின் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. அவனும் நம்மைப் போல் உழைக்கிறவன்தானே!

சொந்த வீடு வேண்டும் என்று நாம் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. தலைக்கு மேல் ஒரு கூரை என்று அன்று கேட்டோம். இன்று அந்தக் கூரை விளக்கும் எரிக்கும், காசும் மிச்சப்படுத்தும். காலம் போகப் போகக் கோரிக்கையின் மதிப்பு கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். பெண்களும் எழுந்து பேசட்டும். அடுப்படி இருட்டில் அதிகம் கஷ்டப்பட்டவர்கள் அவர்கள்தான்.