83 கிலோ

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண், எடை 112 கிலோ. அந்த உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ. அதற்கு மேலே இருக்கும் 48 கிலோவைத்தான் மருத்துவர்கள் ‘கூடுதல் எடை’ என்கிறார்கள். ‘ஆபரேஷனுக்குப் பிறகு 60 சதவீதம் வரை குறையும்’ என்று ஆலோசனை அறையில் சொல்வது இந்த 48 கிலோவில் 60 சதவீதம். சுமார் 29 கிலோ. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவர் வந்து நிற்கும் இடம் 83 கிலோ.

83 கிலோவில் அவருடைய பி.எம்.ஐ. 32-ஐத் தாண்டித்தான் இருக்கும். இந்தியர்களுக்கான அளவுகோலில் 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்கிறார்கள். மருத்துவமனை ஏட்டில் ‘நல்ல பலன்’ என்று பதிவாகும் அதே பெண், தெருவில் நடந்துபோனால் பார்ப்பவர் கண்ணுக்குக் குண்டான பெண்தான்.

என் சித்தி மகளின் கணக்கு ஏறத்தாழ இதுதான். மதுரையில் இருக்கிறாள். நாற்பதை நெருங்கும் வயது. சுகர், பிரஷர், இரவெல்லாம் குறட்டை, மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டும். ஸ்லீவ் செய்துகொண்டாள். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய்போல விட்டுவைக்கும் முறை அது. ‘60 சதவீதம்’ என்பது அவள் காதில் மொத்த எடையில் 60 சதவீதமாக விழுந்தது. 112-ல் அவ்வளவு போனால் 45 கிலோதான் மிஞ்சும், அத்தனை வேண்டாம், 60 கிலோவில் நின்றால் போதும் என்று அவளும் கணவரும் பேசிக்கொண்டார்கள். வளையலும் ஆரமும் அடகுக்குப் போயின. ஒரு வருஷம் கழித்து 84-க்கு வந்தாள். அதற்குக் கீழே இறங்கவில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கி, இப்போது 92.

இதை அவள் எனக்கு எடை மெஷினில் காட்டவில்லை. பீரோவைத் திறந்து ஒரு பட்டு ரவிக்கையை எடுத்து, உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். பக்கவாட்டில் நான்கு வரிசைத் தையல். எடை இறங்க இறங்க டெய்லர் உள்ளே தள்ளித் தள்ளிப் போட்டவை. கடைசியாகப் போட்ட வரிசையைப் போன தீபாவளிக்குப் பிரித்திருந்தாள். நூல் போன இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் தெரிந்தன. “அடுத்ததையும் பிரிக்கணும்க்கா. டெய்லர்கிட்ட கொண்டுபோக வெக்கமா இருக்கு. நானே பிளேடு வெச்சுப் பிரிச்சுக்கிறேன்” என்றாள்.

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டும் என்று தோன்றியது. திரும்பி வந்த 8 கிலோ செய்யும் கெடுதலைவிட அது செய்யும் கெடுதல் பெரிது.

உறவுக்காரர்கள் கேட்கிற கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். “ஆபரேஷன் பண்ணியுமா இப்படி?” கல்யாணப் பந்தியில் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால், “காசைக் கொட்டி வியாதியை வாங்கிக்கிட்டா” என்பார்கள். ஒரு வடையைக் கூடத் தின்றால், “இதுக்கா அத்தனை செலவு?” அவள் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். அதுகூடப் பரவாயில்லை. மருத்துவமனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். முதல் வருஷம் தவறாமல் போனவள், எடை ஏறத் தொடங்கிய நாளிலிருந்து போகவில்லை. ஏன் என்று கேட்டேன். “போனதும் மெஷின்ல ஏறச் சொல்லுவாங்க. ‘என்னம்மா, டயட்ட விட்டுட்டீங்களா’ன்னு கேப்பாங்க. நான் என்னத்தச் சொல்றது?”

சொல்வதற்கு நிறைய இருக்கிறது. அவளிடம் யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

உடலுக்குத் தன் எடை குறைவது பிடிக்காது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் 1994-லும், இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் 1999-லும் கண்டுபிடிக்கப்பட்டன. எடை குறைந்தால் லெப்டின் குறையும், பசி கூடும், உடல் செலவழிக்கும் கலோரியும் சுருங்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று பிரபலமாக இருந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அப்படியும், ஓய்வில் அவர்கள் உடல் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்கு 500 அளவுக்குக் குறைவாகவே இருந்தது. ஸ்லீவ் அறுவையில் கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியை வெட்டி எடுத்துவிடுவதால் பசி மட்டுப்படுகிறது. அதனால்தான் வெறும் பத்தியத்தைவிட அது பல மடங்கு பலன் தருகிறது. ஆனால் உடலின் மற்ற எதிர்ப்புகள் அப்படியே இருக்கின்றன. முதல் ஒன்றரை, இரண்டு வருஷங்களில் எடை தன் அடிமட்டத்தைத் தொடும். அதன்பிறகு கொஞ்சம் ஏறுவது விதிவிலக்கு இல்லை, வழக்கம்.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்துகொள்ளாத 2,037 பேரையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் மொத்த எடையில் சராசரியாக 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் பழைய முறையில் பத்தாம் ஆண்டில் நின்றது 14 சதவீதம்தான். 2007-ல் வெளியான முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அறுவை செய்துகொண்டவர்களில் இறப்பு, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 29 சதவீதம் குறைவு. ஆயுள் கூடிய அந்த மனிதர்கள் ஒல்லியாகிவிடவில்லை. ஓரளவு எடை குறைந்தும், அதில் கொஞ்சம் திரும்பியும், பருமனாகவே இருந்தவர்கள்தான் பெரும்பாலோர்.

சித்தி மகளான என் தங்கைக்கும் நோய்கள் தணிந்திருக்கின்றன. இன்சுலின் ஊசி நின்று ஒரேயொரு மாத்திரையில் இருக்கிறாள். குறட்டை இல்லை. இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னபோது, “அதெல்லாம் யார் கண்ணுக்குத் தெரியுது?” என்று கேட்டாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நகையை அடகு வைத்தது சுகருக்காக மட்டும் இல்லை. கண்ணாடியில் வேறொரு உருவத்தைப் பார்க்கலாம் என்றுதான் அவள் மயக்க ஊசிக்குக் கையை நீட்டினாள். அந்த ஆசையை யாரும் அற்பம் என்று தள்ளிவிடக் கூடாது. அது நிறைவேறவில்லை என்பது உண்மையான இழப்பு. அழுவதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவள் சமையலறையில் ஒரு மதியம் கூடவே உட்கார்ந்திருந்தேன். சப்பாத்தி ஒரு விள்ளலுக்கு மேல் இறங்கவில்லை; நெஞ்சில் கல்லாக நிற்கிறது என்று வைத்துவிட்டாள். கோழிக்கறித் துண்டும் அப்படித்தான். ஒரு மணி நேரம் கழித்து, எவர்சில்வர் டப்பாவைத் திறந்து தேன்குழல் எடுத்தாள். வாயில் போட்டதும் கரைந்து, எந்தத் தடையும் இல்லாமல் இறங்கியது. இது பேராசையோ கட்டுப்பாடின்மையோ இல்லை. சுருங்கிய இரைப்பை கறியையும் பயறையும் தடுத்து நிறுத்தும். முறுக்கு, மிக்சர், தயிர்சாதம், பாயசம், ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் வழிவிட்டு அனுப்பும். நெஞ்சு எரிந்தால் இதமாக இருக்கட்டும் என்று ராத்திரி ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் பலருக்கு வருவதுதான். அதற்கு மருந்து இருக்கிறது, தேவைப்பட்டால் பைபாஸாக மாற்றும் வழியும் இருக்கிறது. டாக்டரிடம் போகாததால் பிஸ்கட்தான் மருந்தாயிற்று.

நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பது டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டிலேயே இருக்கிறது. ஒரு இட்லியில் 2 கிராம். ஒரு முட்டையில் 6. நூறு கிராம் பன்னீரில் 18. நம் வீட்டுச் சமையலில் இந்த 60-ஐ எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சீட்டு சொல்லவில்லை. புரதத்தை முதலில் சாப்பிட்டு, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி தள்ளிக் குடித்து, மென்று மென்று விழுங்கி, அதற்கு மேல் வீட்டில் நான்கு பேருக்கும் சமைத்துப் பரிமாறி ஒரு பெண் இதைச் செய்ய வேண்டும். அவள் வீட்டில் இன்னும் யாரும் அவளுக்கென்று ஒரு முட்டையை வேகவைத்துக் கொடுத்ததில்லை. சித்தி உட்பட.

வற்புறுத்தித்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு. மாதக்கணக்கில் அவள் ‘சோம்பேறித்தனம்’ என்று தன்னையே திட்டிக்கொண்டது இந்த ரத்தசோகையைத்தான். நடைப்பயிற்சியை விட்டதும் அதனால்தான். இரைப்பையை வெட்டியவர்களுக்கு இரும்பும் பி12-ம் போதிய அளவு சேராது. ஆயுள் முழுக்க மாத்திரையும் பரிசோதனையும் வேண்டும். இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அறுவைக்குப் பின் நாள்கணக்கில் வாந்தி நிற்கவில்லை என்றால், பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எடை கூடிப்போன வெட்கத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியே இல்லை.

புதிய டாக்டர் ஒருவர் இருந்தார். மெஷினில் ஏறச் சொல்வதற்கு முன்னால், படியேற முடிகிறதா, தூக்கம் எப்படி, மாதவிலக்கு எப்படி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் எல்லாமே எடையை ஏற்றக்கூடியவை. தைராய்டும் பார்க்க வேண்டும். என் தங்கை பாதியிலேயே அழுதுவிட்டாள். அறுவைக்குப் பிறகு ஒருவர் அவளிடம் குற்றம் கண்டுபிடிக்காமல் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள்.

அழுகையைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த அறுவை செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வந்த சம்பவங்கள் அறுவைக்கு முந்தைய காலத்தைவிடப் பிந்தைய காலத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகியிருந்தன. மனபாரத்துக்குச் சாப்பாடே துணையாக இருந்தவர்களுக்கு அந்தத் துணை ஒரே நாளில் போய்விடுகிறது. வீட்டில் அப்படி ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினால், எடையைப் பற்றிக் கேட்காமல் அவரோடு உட்காருங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம்.

இப்போது எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வெகோவி இந்தியச் சந்தைக்கு வந்தன. லண்டனில் நடந்து 2023-ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், அறுவைக்குப் பின் போதிய எடை குறையாத 70 பேரில் ஒரு பாதிக்கு இதே வகையைச் சேர்ந்த லிராகுளுட்டைட் ஊசியை 24 வாரம் போட்டார்கள். அவர்களுக்குச் சராசரியாக 9 சதவீதம் அளவுக்கு எடை இறங்கியது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. அறுவை கைவிட்ட இடத்தில் மருந்து தொடர்ந்திருக்கிறது. பிரஷருக்கு ஒரு மாத்திரை போதாவிட்டால் இரண்டாவதைச் சேர்க்கிறார்கள். அங்கே யாரும் நோயாளியைத் திட்டுவதில்லை.

என் தங்கைக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். இரண்டாவது தவணை அடுத்த வாரம். இரைப்பை விரிந்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். ஊசியைப் பற்றி மூன்று மாதம் கழித்துப் பேசலாம் என்றிருக்கிறார் டாக்டர். மவுஞ்சாரோ அறிமுகமானபோது ஆரம்ப அளவுக்கே மாதம் 14,000 ரூபாய் விலை. அடகுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் அது சுலபமில்லை. அவள் கணவர் அரசு மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். சித்தி மட்டும், நேற்று போனில், தினம் இரண்டு முட்டை வேகவைத்துக் கொடுப்பதாகச் சொன்னார்.