எண்ணெய் கப்பலுடையது, நஷ்டம் மீனவருடையது

2010-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி காலை. மும்பை துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொண்டன. ஒன்று நவசேவாவில் இருந்து புறப்பட்டுச் சென்ற 'எம்.எஸ்.சி. சித்ரா'. மற்றொன்று மும்பைக்கு வந்து கொண்டிருந்த 'கலிஜியா-3'. சித்ரா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதில் அடுக்கி இருந்த 1,200-க்கு மேற்பட்ட கண்டெய்னர்களில் சுமார் 300 கடலில் சரிந்தன. கப்பல் பாதையில் அவை மிதந்ததால் துறைமுகப் போக்குவரத்து சில நாட்கள் நின்றது. சுமார் 800 டன் எண்ணெய் கடலில் கலந்ததாக மதிப்பிடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சித்ரா எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல் அல்ல, சரக்குக் கப்பல். கொட்டியது, அது தன் எஞ்சினுக்காக வைத்திருந்த எண்ணெய். அப்படி வைத்திருந்தது மட்டும் 2,600 டன்னுக்கு மேல். ஆகவே, துறைமுகத்துக்கு வந்து போகும் ஒவ்வொரு பெரிய கப்பலும் ஓர் எண்ணெய்க் கிடங்குதான்.

வேரை மூடும் எண்ணெய்

டீசல் கொட்டினால் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். கப்பல் எஞ்சினுக்கான கனத்த எண்ணெய் அப்படி அல்ல. தார் போல் கெட்டியானது. அலையில் கலங்கித் தண்ணீரையும் இழுத்துக் கொண்டு பல மடங்கு பெருகும். அலை அடிக்கும் திசையில் கரைக்கு வரும்.

சித்ராவின் எண்ணெய் எலிபெண்டா, உரண், அலிபாக் பக்கத்துக் கரைகளில் ஒதுங்கியது. அங்கே அலையாத்திக் காடுகள் உள்ளன. அந்த மரங்களின் வேர்கள் சேற்றுக்கு மேலே தலை நீட்டிக் காற்றை வாங்குபவை. எண்ணெய் பூசினால் வேர் மூச்சுத் திணறும். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்த வேர்களின் நடுவில்தான்.

துப்புரவு எப்படி?

கடலில் மிதவைத் தடுப்புகளைப் போட்டு எண்ணெயை வளைக்கலாம், எந்திரத்தால் உறிஞ்சலாம். ஆனால் மழைக்கால அலை தடுப்பைத் தாண்டிக் குதிக்கும். ரசாயனம் தெளித்தால் எண்ணெய் சிறு துளிகளாக உடையுமே தவிர, மறையாது. ஆழம் குறைந்த இடத்தில் அதைத் தெளிப்பது மீனுக்கு ஆபத்து. கரைக்கு வந்துவிட்டாலோ கைதான் கருவி. 2017 ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது, வாளியால் எண்ணெயை அள்ளியதை நாடே பார்த்தது. கடலில் எண்ணெயைத் தடுக்கும் பொறுப்பு கடலோரக் காவல் படையுடையது. கரையைச் சுத்தம் செய்வது மாநில அரசின் வேலை. இரண்டுக்கும் இடையே போகும் ஒவ்வொரு மணி நேரமும் கரைக்கு நஷ்டம்.

நட்ட ஈடு எப்போது?

சித்ரா விபத்துக்கு மறு ஆண்டே, 2011 ஆகஸ்டு 4-ந் தேதி, நிலக்கரி ஏற்றி வந்த 'ராக்' கப்பல் மும்பைக்கு அப்பால் மூழ்கியது. அதன் எண்ணெயும் கசிந்தது. கப்பல் நிறுவனம் 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2016 ஆகஸ்டில்! உத்தரவு வரவே ஐந்து ஆண்டுகள்.

சரக்குக் கப்பல்களின் எரிபொருள் கசிவுக்கும் கப்பல் முதலாளியே பொறுப்பு என்ற சர்வதேச ஒப்பந்தம் 2008-ல் அமலுக்கு வந்தது. இந்தியா அதில் சேர்ந்தது 2015-ல். இப்போது வழி இருக்கிறது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் 'எம்.எஸ்.சி. எல்சா-3' மூழ்கியதும், கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் சென்றது.

அரசு வழக்குத் தொடுக்கலாம். கூடைக்காரப் பெண் என்ன செய்வாள்? நட்ட ஈடு கேட்டால், வழக்கமாக எவ்வளவு மீன் கிடைத்தது, எவ்வளவுக்கு விற்றது என்று கணக்கு கேட்பார்கள். கரையில் ஏலம் போகும் மீனுக்கு ரசீது ஏது? அன்றாட மீன்பாட்டை மீனவர் கூட்டுறவு சங்கங்களும் மீன்வளத் துறையும் இப்போதே பதிவு செய்து வைக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு எழுதும் கணக்கு எடுபடாது.

ஆவணி அவிட்டத்தன்று கோலி மீனவர்கள் நாரளி பௌர்ணமி கொண்டாடுகிறார்கள். கடலுக்குத் தேங்காய் கொடுத்து, புது மீன்பிடிப்புக்குப் புறப்படும் நாள் அது. சித்ராவும் ராக்கும் எண்ணெயைக் கொட்டியது அந்த ஆகஸ்டு மாதத்தில்தான். அடுத்த விபத்து எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும் நாளில் மிதவைத் தடுப்பு துறைமுகத்தில் தயாராக இருக்கிறதா, மீனவரின் கணக்கு ஏட்டில் இருக்கிறதா என்பதை மட்டும் இன்றே பார்த்துவிடலாம்.