முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே...

அமெரிக்க அதிபர் தேர்தல் என்றதும் நமக்கு நவம்பர் மாதம்தான் ஞாபகத்துக்கு வரும். அங்கே செவ்வாய்க்கிழமை வாக்குப்பதிவு. நமக்குப் புதன்கிழமை காலை காபியோடு முன்னணி நிலவரம். ஆனால், அந்த நாட்டில் அதிபர் கனவோடு கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் நவம்பர் வரை வருவதே இல்லை. சொந்தக் கட்சிக்குள் நடக்கும் போட்டியிலேயே கழன்றுகொள்கிறார்கள். சிலர் அந்தப் போட்டியின் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே!

கமலா ஹாரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரில் பிரசாரத்தைத் தொடங்கியபோது, சுமார் 20,000 பேர் திரண்டார்கள். ஜூன் மாதம் நடந்த முதல் விவாத மேடையில் ஜோ பைடனையே திணறடித்தார். கருத்துக்கணிப்பில் கிராஃப் ஏறியது. சில மாதங்களில் அதே வேகத்தில் இறங்கியது. கட்சியின் முதல் வாக்கெடுப்பு 2020 பிப்ரவரி 3-ம் தேதி. ஆனால், 2019 டிசம்பர் 3-ம் தேதியே அவர் விலகிவிட்டார். காரணம்: கையில் காசு இல்லை. சென்னையில் பிறந்து, அமெரிக்காவுக்குப் படிக்கப்போன சியாமளா கோபாலனின் மகளுக்கு, அவர் விலகிய நாள்வரை அந்தப் போட்டியில் ஆதரவாகவோ எதிராகவோ ஒரு வாக்காளர்கூட ஓட்டுப் போட்டிருக்கவில்லை. பிறகு பைடன் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக்கியதும், மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்ததும் வேறு கதை.

ஓட்டே விழாத இடத்தில் தோற்பது எப்படி? அமெரிக்கப் பத்திரிகைகள் இந்தக் காலகட்டத்தைக் ‘கண்ணுக்குத் தெரியாத தேர்தல்’ என்கின்றன. நன்கொடை எவ்வளவு சேர்ந்தது, கருத்துக்கணிப்பில் எத்தனை சதவிகிதம், விவாத மேடையில் இடம் கிடைத்ததா, இவை மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். கணிப்பில் இறங்கினால் நன்கொடையாளர்கள் போனை எடுக்க மாட்டார்கள். பணம் இல்லையென்றால் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை, டி.வி விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லையென்றால் கணிப்பு இன்னும் இறங்கும். மளிகைக் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திய வீடு மாதிரிதான். அடுப்பு அணைவது வெளியே தெரிவதற்குள் உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் போய் நிற்கும் முதல் வாசல் அயோவா. சோளமும் பன்றிப் பண்ணைகளுமாக விரியும் மாநிலம். மக்கள்தொகை சுமார் 32 லட்சம்தான். 2020-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு வாக்கெடுப்பு மூலம் தேர்வாக வேண்டிய பிரதிநிதிகள் 3,979 பேர். அதில் அயோவாவின் பங்கு வெறும் 41. நூற்றில் ஒன்று. அந்த ஒன்றுக்காகத்தான் வேட்பாளர்கள் ஒரு வருடம் அங்கே குடியிருக்காத குறையாகச் சுற்றுகிறார்கள். ஆகஸ்ட் மாதம் நடக்கும் மாநிலக் கண்காட்சியில் குச்சியில் செருகிய பன்றி இறைச்சியைக் கடித்தபடி போட்டோவுக்கு நிற்பார்கள். வெண்ணெயில் செய்த பசு மாட்டுச் சிலையை வியந்து பார்ப்பார்கள். அங்கே மொத்தம் 99 கவுன்ட்டிகள். அந்த மாநிலத்தின் செனட்டர் சக் கிராஸ்லி வருடா வருடம் அத்தனைக்கும் போய் வருகிறவர். எனவே, 99-ஐயும் முடித்துவிட்டால் ‘முழு கிராஸ்லி’ போட்டுவிட்டார் என்று பேச்சு.

இந்த மாநிலத்துக்கு முதல் மரியாதை வந்தது திட்டமிட்டு அல்ல. 1968-ல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாடு, உள்ளே கூச்சலும் வெளியே போலீஸ் தடியடியுமாக முடிந்தது. வேட்பாளரைத் தலைவர்களே பேசி முடிப்பது செல்லாது, தொண்டர்களுக்கும் பங்கு வேண்டும் என்று விதிகள் மாற்றப்பட்டன. அயோவாவிலோ தேர்வு நான்கு படிகளில் நடக்கும்: வட்டம், கவுன்ட்டி, மாவட்டம், பிறகு மாநில மாநாடு. ஒவ்வொரு படிக்கும் நடுவே போதிய இடைவெளி விட வேண்டும் என்றது புது விதி. மாநில மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தபோது, முதல் படி 1972 ஜனவரியில் வந்து விழுந்தது. நாட்டிலேயே முதல்!

இதன் மதிப்பை முழுசாகப் புரிந்துகொண்டவர் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர், கடலை விவசாயி. ‘ஜிம்மி யார்?’ என்று நாடே கேட்ட காலம் அது. ஹோட்டலில் தங்காமல் ஆதரவாளர்கள் வீடுகளில் படுத்து எழுந்து, காலையில் தன் படுக்கையைத் தானே மடித்து வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். 1976 அயோவா முடிவில் அவருக்குக் கிடைத்தது சுமார் 28 சதவிகிதம். முதல் இடம் யாருக்குத் தெரியுமா? ‘யாருக்கும் ஆதரவில்லை’ என்று சொன்னவர்களுக்கு, 37 சதவிகிதம்! ஆனாலும் மறுநாள் பேப்பர்களில் கார்ட்டர்தான் நாயகன். அடுத்த ஜனவரியில் வெள்ளை மாளிகையில் இருந்தார்.

இந்த ஆரம்பக் கட்டத்தின் விசித்திரக் கணக்கு இதுதான். ஜெயித்தாரா என்பதைவிட, எதிர்பார்த்ததைவிட நன்றாகச் செய்தாரா என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். 1968 நியூ ஹாம்ப்ஷையர் வாக்கெடுப்பில் அதிபர் லிண்டன் ஜான்சன் 49 சதவிகிதம் வாங்கி முதலிடம் வந்தார். ஆனால், வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜீன் மெக்கார்த்தி 42 சதவிகிதம் வாங்கிவிட்டார். அந்த மாதக் கடைசியிலேயே, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் டி.வி-யில் அறிவித்தார். 1992-ல் பில் கிளின்டன் அதே மாநிலத்தில் இரண்டாவதாக வந்துவிட்டு, மீண்டு வந்த வீரனைப் போலப் பேசினார், எடுபட்டது. ஹோவர்டு டீனுக்கு எதிர்மாறாக நடந்தது. 2004 அயோவாவில் மூன்றாமிடம் வந்த இரவில், தொண்டர்களை உற்சாகப்படுத்தக் கத்தினார். கூட்டத்தின் இரைச்சலை வடிகட்டிவிட்டு அவர் குரலை மட்டும் எடுத்தது மைக். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, டி.வி-யில் கேட்டவர்களுக்கு ஒரு மனிதர் தனியாக அலறுவது மாதிரி இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் போட்டே சரிந்துகொண்டிருந்தவரைச் சாய்த்துவிட்டார்கள்.

அயோவாவில் நடப்பது ‘காகஸ்’. ஜனநாயகக் கட்சியின் காகஸ் 2020 வரை நடந்த விதம் பார்க்கவே சுவாரஸ்யம். பள்ளிக்கூட ஜிம், சர்ச் கூடம் என்று மாலை 7 மணிக்குக் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. தலையை எண்ணுவார்கள். 15 சதவிகிதம் சேராத மூலை கலைய வேண்டும்; அவர்களை ‘எங்க பக்கம் வாங்க’ என்று மற்ற மூலைக்காரர்கள் அழைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளையின் டீச்சர், கடை முதலாளி எல்லோரும் பார்க்க, நீங்கள் யார் பக்கம் என்று நடந்து போய்க் காட்ட வேண்டும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 7 மணிக்கு நைட் ஷிஃப்டில் இருக்கும் நர்ஸ் என்ன செய்வார்? கைக்குழந்தை வைத்திருப்பவர்? பனியில் வழுக்கி விழப் பயப்படும் எழுபது வயதுக்காரர்? ரகசியமாக ஓட்டுப் போடும் உரிமையைவிட, ஊர் கூடிப் பேசும் அழகு பெரிது என்று எனக்குத் தோன்றவில்லை. குடியரசுக் கட்சியினர் சீட்டில்தான் எழுதிப் போடுகிறார்கள். ஆனால், அவர்களும் அந்த நேரத்துக்கு அங்கே போயாக வேண்டும். 2024 ஜனவரி 15 அன்று உறைய வைக்கும் குளிரில் வந்து வாக்களித்தவர்கள் சுமார் 1,10,000 பேர். டொனால்டு ட்ரம்ப் 99 கவுன்ட்டிகளில் 98-ஐ அள்ளினார். மிச்சமிருந்த ஜான்சன் கவுன்ட்டியை நிக்கி ஹேலி ஒரே ஓட்டில் பிடித்தார். ‘முழு கிராஸ்லி’ போட்ட ரான் டிசாண்டிஸ் அடுத்த ஞாயிற்றுக்கிழமை விலகினார். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான விவேக் ராமசாமி 99-ஐயும் இரண்டு சுற்றுச் சுற்றியவர். கிடைத்தது 8 சதவிகிதத்துக்கும் கொஞ்சம் கீழே. அன்று இரவே மூட்டை கட்டிவிட்டார்.

எண்ணுவதிலும் அயோவா சமர்த்து என்று சொல்ல முடியாது. 2012-ல் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ரிக் சான்டோரம் 34 ஓட்டு முன்னிலை என்றார்கள். அதற்குள் நியூ ஹாம்ப்ஷையரும் முடிந்து, ராம்னிதான் வேட்பாளர் என்ற பேச்சு ஊன்றிவிட்டது. சான்டோரமுக்குப் போன அந்த இரண்டு வாரத்தை யார் திருப்பித் தருவது? 2020-ல் இன்னும் மோசம். முடிவை அனுப்ப உருவாக்கிய ஆப் காலை வாரியது; போன் செய்தவர்கள் லைனிலேயே காத்துக் கிடந்தார்கள். பீட் பூட்டஜெட்ஜா, பெர்னி சாண்டர்ஸா என்ற கேள்விக்கு அசோசியேட்டட் பிரஸ் கடைசிவரை வெற்றியாளரையே அறிவிக்கவில்லை.

அந்தப் போட்டியில் பைடன் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷையரில் ஐந்தாமிடம். கதை முடிந்தது என்றே எழுதினார்கள். ஆனால், அந்த இரண்டு மாநிலங்களிலும் பெரும்பாலும் வெள்ளையர்கள். சவுத் கரோலினாவின் ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்கள். அவர்களிடம் செல்வாக்குள்ள ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். பிப்ரவரி 29-ல் பைடன் அங்கே வென்றார்; மூன்றே நாளில் வந்த ‘சூப்பர் செவ்வாய்’ அன்று 14 மாநிலங்களில் 10 அவருக்கு.

நன்றிக்கடனோ, நியாயமோ, 2024-ல் ஜனநாயகக் கட்சி சவுத் கரோலினாவை முதல் இடத்துக்குக் கொண்டுவந்தது. அயோவா முனகியபடி ஒதுங்கியது; தபால் ஓட்டுக்கு மாறியது. நியூ ஹாம்ப்ஷையர் மட்டும் அசையவில்லை. 1920 முதல் முதல் பிரைமரி நடத்தும் மாநிலம் அது. மற்ற எந்த மாநிலத்தின் இதே மாதிரி வாக்கெடுப்புக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னதாக நடத்த வேண்டும் என்று தனிச் சட்டமே வைத்திருக்கிறார்கள். கட்சித் தலைமை என்ன சொன்னாலும் சரி என்று ஜனவரி 23-ல் நடத்திவிட்டார்கள். விதியை மீறிய தேர்தல் என்பதால், பைடன் அதில் பெயரே கொடுக்கவில்லை. வாக்காளர்கள் சீட்டின் காலியிடத்தில் அவர் பெயரைக் கையால் எழுதிப் போட்டு, அவரையே ஜெயிக்க வைத்தார்கள்.