டிராக்டர் பாட்டரியைக் கழிக்கும் முன்

சங்கரன்கோவில் வட்டாரத்துக் கரிசல் நிலங்களில் வானத்தை நம்பி விதைப்போருக்கு ஆண்டில் ஒரே காலந்தான் உண்டு. வடகிழக்குப் பருவத்தின் முதல் மழைகள் பெய்து, நிலம் உழவுக்கேற்ற பதத்தை அடைந்து, அப்பதம் மாறுவதற்குள் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் மண்ணில் விழுந்தாக வேண்டும். கரிசல் மண் ஈரம் மிகுந்தால் காலைப் பிடிக்கும். ஈரம் குறைந்தால் கட்டி கட்டியாகப் பெயரும். இடைப்பட்ட சில நாட்களே உழவனுடையவை. அந்நாட்களில் ஒரு காலை டிராக்டரின் சாவியைத் திருப்பிய பின் "செல்ப் எடுக்கவில்லை" என்ற பேச்சு எழுமாயின், அதனால் விளையும் நஷ்டம் ஒரு பாட்டரியின் விலையோடு நிற்பதன்று. அவ்வண்டியை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் பல குடும்பங்களின் விதைப்பும் அதனோடு தாமதமாகின்றது.

இத்தருணத்தில் நம்மவர் கைக்கொள்ளும் வழக்கம் யாதெனில், பாட்டரி போய்விட்டது என்று தீர்மானித்து, பழையதை எடைக்குப் போட்டுப் புதியது வாங்குவதாகும். சில வேளைகளில் அது சரியான முடிவே. ஆனால் அநேகம் வேளைகளில் குற்றம் வேறோரிடத்தில் இருக்கின்றது. அது திருத்தப்படாமையால் புதிய பாட்டரியும் சில வாரங்களில் பழையதன் கதியை அடைகின்றது. அளந்து பாராமல் பாட்டரியைக் கழிப்பது, மண்ணைப் பரிசோதியாமல் உரமிடுவதை ஒத்த வீண் செலவு என்பதே என் அபிப்பிராயம்.

ஆயில் எஞ்சின்களைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பிய காலத்தில் இவ்விஷயம் இவ்வளவு முக்கியமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக் கார்களில் வந்தது முதல், கைப்பிடிக்கு வேலை குறைந்தது. நம் மாகாணத்திலும் 1960-ல் டாபே டிராக்டர் கம்பெனியும், 1961-ல் ஸ்டார்ட்டர் முதலிய மின்கருவிகளைச் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனியும் சென்னையில் தொடங்கப்பட்டன. இன்றைய டிராக்டரில் சுற்றுவதற்குக் கைப்பிடியில்லை. எனவே பாட்டரியின் நிலையை அறிவது, உழுபவர் கற்க வேண்டிய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

இதன் அமைப்பு எளிது. பாட்டரியை நம் வீட்டுக் குலுக்கைக்கு ஒப்பிடலாம். ஆல்டர்னேட்டர் அதில் தானியம் கொட்டுகின்றது. ஸ்டார்ட்டர் அதிலிருந்து அள்ளுகின்றது. குலுக்கை வெறுமையாக இருந்தால் அது உடைந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. கொட்டுபவர் கொட்டாமலிருக்கலாம், அள்ளுபவர் அளவுக்கு மீறி அள்ளலாம், எங்கேனும் சிந்தவும் செய்யலாம்.

முதலில் காதையும் கண்ணையும் உபயோகிக்க வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தும் சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லையெனில், சாவி சுவிட்சு, கிளட்சு அல்லது கியரிலுள்ள பாதுகாப்பு சுவிட்சு, அவற்றின் வயர்கள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். "டிக் டிக்" என்ற தொடர் ஓசை மட்டும் வருமாயின், பாட்டரியில் மின்சாரம் குறைவு, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஸ்டார்ட்டர் மட்டும் சுழன்று எஞ்சின் அசையாவிடில் குற்றம் ஸ்டார்ட்டரின் பல்சக்கரத்தில் இருக்கக்கூடும். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் கிளம்பாவிடில், டீசல் வரும் வழியையும் அதில் காற்றுப் புகுந்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டுமேயன்றிப் பாட்டரியை நோவதில் பயனில்லை.

அடுத்து, சாதாரண மல்டிமீட்டர் ஒன்றைக் கொண்டு மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். முதல் அளவு, வண்டி இரவு முழுவதும் நின்ற பின் காலையில் எடுப்பது. 12 வோல்ட் பாட்டரி நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 எனில் பாதியளவே உள்ளது. 12-க்குக் கீழாயின் அநேகமாகக் காலியாகும். இரண்டாவது அளவு, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சில வினாடிகள் சுற்றச் செய்து எடுப்பது. நிறைந்த பாட்டரி அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின், பாட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம். மூன்றாவது அளவு, எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது எடுப்பது. 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பின் ஆல்டர்னேட்டர் தன் கடமையைச் செய்கின்றது. காலையில் கண்ட அளவே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. அதனால் பாட்டரி கொதித்து நீர் வற்றும்.

மூடி திறக்கக்கூடிய பாட்டரியாயின் ஹைட்ரோமீட்டர் மேலும் தெளிவு தரும். நிறைந்த நிலையில் ஆசிடின் அடர்த்தி, தயாரிப்பாளர் குறித்தபடி, சுமார் 1.240 முதல் 1.280 வரை நிற்கும். ஆறு அறைகளும் ஒருங்கே குறைந்திருப்பின் சார்ஜ் ஏற்றினால் போதும். ஓர் அறை மட்டும் மற்றவற்றிலும் 0.050-க்கு மேல் குறைந்திருப்பின் அவ்வறை கெட்டது. அப்போதுதான் புதிய பாட்டரிக்குப் பணம் எடுக்க வேண்டும்.

செலவில்லாத காரியங்களும் உள. டெர்மினலில் பூத்த வெண்மையும் பச்சையுமான பூவைச் சமையல் சோடா கரைத்த நீர் கொண்டு, அது அறைகளுக்குள் புகாவண்ணம் கழுவி, உலர்த்தி, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுக. எர்த் கம்பி சேசிஸைத் தொடுமிடத்தில் துருவும் பெயிண்டும் இல்லாமற் சுரண்டுக. பெல்ட் தளர்ந்திருந்தால் இழுத்துக் கட்டுக. அறைகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் எனப்படும் வாலைநீரே ஊற்றத்தக்கது; உப்புக் கலந்த கிணற்று நீர் தகடுகளைக் கெடுக்கும். குளிர்நாட்டில் பனி பாட்டரியின் வலுவைக் குறைப்பது போல, நம் நாட்டில் கோடை வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கின்றது. ஆகவே மாசி முதல் ஆவணி வரை வேலையின்றி நிற்கும் வண்டியின் பாட்டரிக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுதல் அவசியம். வெறுமையாகக் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிவிட்டால் பின்னர் அதனை மீட்பது அரிது.

இரண்டு வழக்கங்களை நம்மவர் அறவே விட வேண்டும். முதலாவது, சார்ஜ் ஏறுகின்றதா எனப் பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பாட்டரி வயரைக் கழற்றுதல். பழைய டைனமோ காலத்திலிருந்து வந்த இப்பழக்கம் இன்றைய ஆல்டர்னேட்டரின் டையோடுகளை எரித்துவிடக்கூடும். இரண்டாவது, ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துத் தரையில் நின்றபடியே வண்டியைக் கிளப்புதல். இது பாதுகாப்பு சுவிட்சைத் தாண்டிச் செய்வதாகும். வண்டி கியரில் இருந்தால், எதிரில் நிற்பவர் விலகுமுன் பெரிய பின்சக்கரம் அவர்மேல் ஏறிவிடும். இவ்விதம் பல நாடுகளில் உழவர் உயிரிழந்துள்ளனர். அரை நாள் உழவு போனால் ஈடு செய்யலாம்; போன உயிரை ஈடு செய்ய இயலாது. மேலும், சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனருகே பீடி சிகரெட் ஆகாது. கழற்றும்போது எர்த் வயரை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளுக.

இதில் பட்டறைக்காரர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. விதைப்புக் காலத்தில் நாலு ஊரிலிருந்து அழைப்பு வரும்போது, பாட்டரியை மாற்றித் தருவதே அவருக்கு விரைவான வழி. "அளந்து காட்டுங்கள்" என்று வண்டிக்காரர் கேட்பாராயின் அவரும் அளந்து காட்டுவார். கேட்கும் வழக்கம் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும்.

ஆகையால் ஒரு யோசனை கூறுவேன். டிராக்டர்களை வாடகைக்கு விடும் ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கமும், ஒரு மல்டிமீட்டர், ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு சார்ஜர் ஆகியவற்றை வாங்கி வைத்து, ஊரிலுள்ள வண்டிக்காரர் யாவரும் உபயோகிக்க அனுமதிக்கலாம். மூன்றும் சேர்ந்தும் ஒரு புதிய பாட்டரியின் விலைக்கு மேல் அதிகம் ஆகா. ஆவணியில் ஒரு நாள் குறித்து எல்லா வண்டிகளையும் பரிசோதித்து, அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வரலாம். உண்மையாகவே கெட்ட பாட்டரிகளை வயலில் ஆசிடைக் கொட்டாமலும் வீட்டில் உடைக்காமலும், 2022-ஆம் ஆண்டு பாட்டரிக் கழிவு விதிகளின்படி கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாம். ஈயம் விஷமாகும், முக்கியமாகக் குழந்தைகளுக்கு.

மழை நம் சொற்படி வருவதில்லை. அது வரும் நாளில் வண்டி கிளம்பும்படி வைத்திருப்பது மட்டும் நம் கையில் உள்ளது. அதனை ஆவணியிலேயே செய்து முடித்து, பதம் தப்பாமல் விதைத்து, நம் விவசாயிகள் பலன் பெறுவார்களாக.