இராமநாதபுரம் சீமையின் தேக்கம்

ராஜசிங்கமங்கலம் கண்மாயை அறியாதார் இராமநாதபுரம் ஜில்லாவில் இல்லை. பாண்டிய ராஜசிம்மன் பெயரால் வழங்கும் அவ்வூரின் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடைகள்; நாரையும் ஒரு மூச்சில் பறந்து கடக்க மாட்டாது என்று ஜனங்கள் அதன் நீளத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். இத்தகைய நீர்நிலையை உடைய சீமை இன்று பிற்பட்ட சீமையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. 2018-ம் வருஷத்தில் இந்திய சர்க்கார் முன்னேற்றத்தில் பின்தங்கிய ஜில்லாக்களை நாடெங்கும் பொறுக்கியெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்தவை இரண்டே: இராமநாதபுரமும் விருதுநகரும். 1985 வரை இவ்விரண்டும் ஒரே ஜில்லாவாக இருந்தவை.

வானம் பொய்த்தது என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது நம்மவரின் வழக்கம். நாம் அதை ஒப்பவில்லை. இந்த ஜில்லாவில் வருஷத்துக்குச் சராசரி 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மழை உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைப் பிடித்து வைத்தால் நெல். இல்லையேல் அது கடலுக்குப் போய்விடும். ஆகவே இங்கே விவசாயம் என்பது கண்மாய் நிர்வாகமேயன்றி வேறில்லை. முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். மடையைத் திறந்து மூடவும், வயல்தோறும் முறை வைத்து நீர் விடவும் மடைக்குடும்பனும் நீர்பாய்ச்சியும் இருந்தார்கள். கரையை உயர்த்தவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் குடிமராமத்து இருந்தது. மேற்கே ஓடி வீணாகும் பெரியாற்று நீரைக் கிழக்கே வைகையில் திருப்பலாமா என்று 1789-ல் முதன்முதல் ஆள் அனுப்பி ஆராய்ந்தவரும் சேதுபதி சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளையே. 1895-ல் அணை எழுந்தது. செழித்தது பெரும்பாலும் மதுரைச் சீமை. யோசனை சொன்ன சீமைக்கு மிச்சம் வந்தால் உண்டு.

பின் பழுது எங்கே நேர்ந்தது? வருமானம் ஒருவர் கைக்கும் கடமை மற்றொருவர் தலைக்கும் பிரிந்தபோது நேர்ந்தது. 1795-ல் கும்பினியார் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியினின்றும் இறக்கினர். 1803-ல் சமஸ்தானத்தை நிரந்தரப் பேஷ்குஷ் கட்டும் ஜமீனாக்கினர். குறித்த தவணைக்குக் குறித்த தொகை செலுத்தியாக வேண்டிய ஜமீனுக்கு, எப்போதோ பலன் தரப்போகும் கரைவேலையில் பணம் போட என்ன ஊக்கம் இருக்கும்? குடியானவனுக்கோ, விளைச்சல் பெருகினால் வாரமும் பெருகுமே என்ற கவலை. 1858-ல் சர்க்கார் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று செய்து, குடிமராமத்துக்கு வராதவரைத் தண்டிக்க முற்பட்டனர். ஊர்க்கட்டால் நடந்த வேலை தண்டனைக்குப் பயந்து நடக்கவில்லை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதை வரவேற்காத தேசபக்தர் எவரும் இல்லை. ஆயினும் நூறு ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டுடைய கண்மாய்கள் பொதுப்பணி இலாகாவைச் சேர்ந்தன; சிறியவை பஞ்சாயத்து யூனியனைச் சேர்ந்தன. ஆயக்கட்டுக்காரர் கைக்கு எதுவும் வரவில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1832-ல் ராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை அங்கே ஒழித்தார்கள். ஒழிக்க வேண்டிய வழக்கந்தான். ஆனால் அதனோடு குளம் பேணும் ஊர்முறையும் குலைந்தது. 1856-ல் நீர்ப்பாசனத்துக்கெனத் தனிச் சட்டம் செய்து பழைய முறைக்கு உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. கால் நூற்றாண்டுக்குள் அந்நியத் துரைத்தனம் கண்டுகொண்டதைச் சுயராஜ்ய சர்க்கார் கண்டுகொள்ள அரை நூற்றாண்டு பிடித்தது. அதைப் பின்னே சொல்லுவோம்.

இச்சீமையில் மூலதனம் இல்லாதிருந்ததா என்றால், அதுவும் இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த ஊர்களே. அங்கிருந்து போன நகரத்தார் பணம் ஐராவதி முகத்துவாரத்தில் நெல் விளைவித்தது. 1930-ல் கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர்களுடையது. விலை வீழ்ச்சியால் கடன்காரர் நொடித்துப்போகவே, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 பங்காயிற்று. லாபம் உள்ள இடத்துக்குப் பணம் போவது இயல்பு. நாம் அதைக் குற்றமாகக் கூறவில்லை. ஆனால் அந்நிய மண்ணில் நெல் விளைவித்த செல்வத்துக்குச் சொந்த ஜில்லாவின் கண்மாய்க்கரை கண்ணில் படவில்லையே! 1942-ல் ஜப்பானியர் படையெடுப்பும், அதன்பின் பர்மிய சர்க்காரின் நிலச்சட்டங்களும் அந்தச் செல்வத்தை வாரிக்கொண்டு போயின. உழைப்பாளியும் அதே வழியில்தான் போனான். அன்று ரங்கூன், பினாங்கு, கொழும்பு. இன்று அரபு நாடுகளும் திருப்பூரும் சென்னையும்.

அவன் அனுப்பும் பணம் ஊருக்கு வருகிறது. மாடி வீடுகள் எழுகின்றன; பிள்ளைகள் படிக்கின்றனர். இவை நல்லவையே. ஆனால் கண்மாயைப் பற்றிக் கூட்டம் போட்டால் வருபவர் முதியவர் சிலரே. ஊர் ஸ்தாபனம் சிதைந்ததால் ஆள் வெளியேறினான். ஆள் இல்லாததால் ஸ்தாபனத்தைத் தூக்கி நிறுத்துவாரில்லை. தேக்கம் என்று நாம் சொல்வது இந்தச் சுழலையே. மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் பேசித் தீர்த்துக்கொள்ள ஊர்ச்சபை இல்லாதபோது, வாய்க்கால் தகராறு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறது. உழாத நிலத்தில் சீமைக் கருவேலம் படர்கிறது. அதை அகற்ற உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்டது. மரம் இன்னும் நிற்கிறது. நிற்கும் காரணமும் தெளிவு. அதைக் கரிமூட்டம் போட்டு விற்றுச் சோறு உண்ணும் ஏழைகள் ஏராளம். மரத்தை வைவது எளிது. அந்த ஏழைக்கு நெல் வயலில் கூலி கிடைக்கச் செய்வதே கடினம். மண்ணில் குறை இல்லை என்பதற்கு, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயே சாட்சி.

2017-ல் தமிழ்நாட்டு சர்க்கார் குடிமராமத்து என்ற பழைய பெயரையே சூட்டித் தூர்வாரும் திட்டமொன்றைத் தொடங்கினர். பணமும் மதிப்பீடும் இலாகாவினுடையவையாக இருக்கும் வேலை அப்பெயரால் மட்டும் குடிகளின் மராமத்து ஆகிவிடாது. அதற்கு முன்பே, 2000-ல், விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் செய்யப்பட்டது. நாம் முன்னே குறித்த அரை நூற்றாண்டுத் தாமதம் இதுவே. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அச்சட்டப்படி தேர்தல் நடத்தி அமைக்கப்பட வேண்டியவை. சங்கத்துக்குக் கடமைகள் பல; நிலையான வருமானம் எங்கே? கண்மாய் மீன் ஏலமும், கரையிலும் உள்வாயிலும் நிற்கும் மர ஏலமும் பெரும்பாலும் வேறு கைகளுக்கே போகின்றன. அத்தொகை ஆயக்கட்டுச் சங்கத்தைச் சேரும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது நமது கோரிக்கை. ராஜசிங்கமங்கலத்திலேயே இதைத் தொடங்கலாம். மடைக்கு ஒருவராக நாற்பத்தெட்டுப் பேர், நிலமுடையோரோடு குத்தகைக்காரரும் சேர்ந்து, தேர்ந்தெடுக்கப்படட்டும். மடைக்குடும்பனுக்கு மாதச் சம்பளம் அந்த நிதியிலிருந்தே கொடுக்கப்படட்டும். அறுவடை முடிந்ததும் வரவு செலவை ஊர்ப் பொதுவில் வாசிக்க வேண்டும். சட்டசபையில் இந்த ஜில்லாவின் பிரதிநிதிகளாக அமர்ந்திருப்போர், அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னாவது இதைப் பற்றி வாய் திறப்பார்களா?